ஃபோகஸ் ஏழு வரி: மூலமும் உரையும்

ஆட்டோஃபோகஸில் எந்த மோட் வைப்பது என்று கேட்டு வருகிறவர்களுக்கு எழுதிக் கொடுப்பதற்காக ஏழு வரிகள் வைத்திருக்கிறேன். கேமராவோடு வரும் கையேடு ஒவ்வொரு மோடும் என்ன செய்யும் என்பதைச் சொல்லிவிடுகிறது. எந்த நேரத்தில் எதை எடுப்பது என்பதைப் பெரும்பாலும் நம்மிடமே விட்டுவிடுகிறது. அந்த இடைவெளிக்காக எழுதியவை இவை. வரிகள் மிகவும் சுருக்கமானவை. உரை இல்லாமல் படித்தால் தவறாகப் புரிய வாய்ப்பு உண்டு. முதலில் மூலம்:

அசைவைப் பார்க்காதே, தூரம் மாறுகிறதா என்று பார்.
மாறாத தூரத்துக்கு ஒருமுறை, மாறும் தூரத்துக்குத் தொடர்ச்சி. நடுவில் நிற்பதை நம்பாதே.
பெட்டியின் அளவைப் பின்புலம் சொல்லும்.
கண்ணைக் கண்டால் கேமராவிடம் விடு. காணாவிட்டால் நீ காட்டு.
குறுக்கே வருவதற்குப் பொறு. பாய்ந்து வருவதற்குப் பொறுக்காதே.
பிடிப்பது ஒரு விரல், எடுப்பது இன்னொரு விரல்.
கோடில்லாத இடத்தில் கேமராவுக்கு வேலையில்லை.

இனி உரை.

“அசைவைப் பார்க்காதே, தூரம் மாறுகிறதா என்று பார்.”

மற்ற வரிகள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை. அதனால் இங்கே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். நிற்பதற்கு சிங்கிள், ஓடுவதற்கு கன்டினியூவஸ் என்பதுதான் எல்லோருக்கும் கிடைக்கும் முதல் பாடம். அதை நம்பிப் போனவர்கள் இரண்டு பக்கமும் ஏமாறுகிறார்கள். லென்ஸுக்குப் பொருள் தெரியாது, தூரம்தான் தெரியும். கேமராவிலிருந்து இத்தனை மீட்டரில் உள்ளதைத் தெளிவாகக் காட்டு என்பது மட்டுமே அதற்கு நாம் இடும் கட்டளை. அந்தத் தூரம் மாறாத வரை, பொருள் எவ்வளவு வேகமாக அசைந்தாலும் ஃபோகஸுக்கு அது நிற்பது போலத்தான்.

ஊஞ்சலில் ஆடும் குழந்தையைப் பக்கவாட்டில் நின்று எடுத்துப் பாருங்கள். குழந்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் வருகிறது. தூரமோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் போதும், ஃபோகஸை ஒருமுறை பிடித்துவிட்டு நிம்மதியாக எடுக்கலாம். அதே ஊஞ்சலை நேர் எதிரே நின்று எடுக்கும்போது கதை வேறு. ஒவ்வொரு வீச்சிலும் முகம் ஒன்றிரண்டு மீட்டர் முன்னே வருகிறது, பின்னே போகிறது. குழந்தையும் அதே, வேகமும் அதே. நாம் நிற்கும் இடம் மாறியதால் மோடும் மாறிவிட்டது.

எதிர்ப்பக்கத்து ஏமாற்றம் இன்னும் நுட்பமானது. 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.4-ல் திறந்து வைத்து, ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியை எடுக்கிறீர்கள். பாட்டி அசையவே இல்லை. முழுச்சட்டக் கேமராவில் அந்த அமைப்புக்குத் தெளிவு கிடைக்கும் ஆழம், முன்னும் பின்னும் சேர்த்து, 3 செ.மீ. சொச்சம்தான். ஃபோகஸைப் பிடித்து, பாட்டி சிரிக்கட்டும் என்று காத்திருந்து, அழுத்துவதற்குள் உங்கள் உடம்பே அந்த அளவுக்கு முன்பின் சாய்ந்திருக்கும். நின்றுகொண்டு மூச்சு விடுகிற யாருக்கும் இது நடக்கும். கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் போய் விழுகிறது. லென்ஸ் சாஃப்ட்டாக இருக்கிறது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அசையாத பாட்டிக்கும் கன்டினியூவஸ் வைக்க வேண்டிய இடம் இது. எஃப் 8-ல் குடும்பத்தோடு நிற்க வைத்து எடுக்கிறீர்கள் என்றால் இந்தக் கவலையே இல்லை.

“மாறாத தூரத்துக்கு ஒருமுறை, மாறும் தூரத்துக்குத் தொடர்ச்சி, நடுவில் நிற்பதை நம்பாதே.”

‘ஒருமுறை’ என்றது நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-எஸ், கேனனில் ஒன் ஷாட். ‘தொடர்ச்சி’ என்றது ஏஎஃப்-சி, கேனன்காரர்களுக்கு சர்வோ. ஃபூஜியின் எக்ஸ்-டி வரிசைக் கேமராக்கள் பலவற்றில் உடலின் முன்பக்கத்திலேயே எஸ், சி, எம் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். மெனுவுக்குள் போகாமல் விரலாலேயே மாற்றிக்கொள்ளலாம். எல்லாக் கேமராவிலும் அது இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஒருமுறை மோடில் பாதி அழுத்தியதும் லென்ஸ் ஒரு தூரத்தைப் பிடித்து அங்கேயே நின்றுவிடும். பிடிக்கும் வரை பொதுவாக ஷட்டர் விழாது. தொடர்ச்சி மோடில் விரல் அழுந்தியிருக்கும் வரை அளந்துகொண்டே இருக்கும். நிக்கானின் பல உடல்களில் ஏஎஃப்-சி வைத்தால், ஃபோகஸ் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஷட்டர் விழும்படிதான் அமைத்து அனுப்புகிறார்கள். அதை மெனுவில் மாற்றலாம். மாற்றாவிட்டாலும் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு வரிசைப் படங்களில் முதல் இரண்டு மட்டும் ஏன் மங்கலாக இருக்கிறது என்பது கடைசி வரை புரியாது.

தொடர்ச்சி மோட் அளப்பதோடு நிற்காமல் கணிக்கவும் செய்கிறது. அதன் உயிர் அதில்தான் இருக்கிறது. அலங்காநல்லூர் வாடிவாசலுக்கு நேர் எதிரே மேடையில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காளை விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் உங்களை நோக்கி வருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 200 மி.மீ., எஃப் 2.8, தூரம் 15 மீட்டர்: தெளிவின் ஆழம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஃபோகஸைப் பிடித்துவிட்டு அரை விநாடி கழித்து எடுத்தால் காளை 4 மீட்டர் தாண்டி வந்திருக்கும். பூட்டி வைத்த ஃபோகஸ் அங்கே வெறும் மண்ணைத்தான் காட்டும். விரலை அழுத்துவதற்கும் ஷட்டர் திறப்பதற்கும் நடுவே உள்ள சின்னத் தாமதத்தில்கூட அது சில பத்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அதனால், காளை இப்போது இருக்கும் இடத்துக்கு அல்லாமல் ஷட்டர் திறக்கும்போது இருக்கப்போகும் இடத்துக்குக் கேமரா லென்ஸைக் கொண்டுபோக வேண்டும்.

அதற்கு எப்படித் தெரியும்? மூக்குக்கு முன்னால் ஒரு விரலை நிறுத்தி, இடக்கண்ணை மூடித் திறந்து, பிறகு வலக்கண்ணை மூடித் திறந்து பாருங்கள். விரல் இடம் மாறித் தெரியும். கிட்டே கொண்டுவந்தால் மாற்றம் அதிகம், எட்டப் பிடித்தால் குறைவு. லென்ஸின் இடப்பக்கம் வழியே வரும் பிம்பத்தையும் வலப்பக்கம் வழியே வருவதையும் கேமரா இப்படித்தான் ஒப்பிடுகிறது. ஃபேஸ் டிடெக்ஷன் என்பது இது. ஃபோகஸ் முன்னே விலகியிருக்கிறதா, பின்னேயா, எவ்வளவு என்று ஒரே அளவீட்டில் தெரிந்துவிடுகிறது. அடுத்தடுத்த அளவீடுகளை வரிசையாக வைத்தால் வேகமும் தெரிகிறது. கான்ட்ராஸ்ட்டை மட்டும் நம்பும் முறைக்குத் திசை தெரியாது. போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். பழைய கேமராக்களில் லைவ் வியூ தடுமாறியதற்கு இதுவே காரணம். 2013-ல் கேனன் 70டி சென்சாரின் பிக்சல்களையே இரண்டாகப் பகுத்து இந்த வேலையைச் செய்ய வைத்தது. இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் கன்டினியூவஸ் இவ்வளவு நம்பகமாக இருப்பதற்கு, சென்சாரிலேயே ஃபேஸ் டிடெக்ஷன் வந்ததுதான் அடிப்படை.

‘நடுவில் நிற்பது’ என்றது ஏஎஃப்-ஏ. கேனனில் ஏஐ ஃபோகஸ். நிற்கிறதா நகர்கிறதா என்று கேமராவே தீர்மானிக்கும் மோட். காளை எப்போது பாயும் என்பது வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்குத் தெரியும். கேமராவுக்கு அது பாய்ந்த பிறகுதான் தெரியும். புரிந்துகொண்டு மோடை மாற்றுவதற்குள் படம் போய்விடும். கவலையில்லாமல் ஊர் சுற்றும்போது அது இருந்துவிட்டுப் போகட்டும். திரும்பக் கிடைக்காத தருணத்தில் அதை வைக்காதீர்கள்.

“பெட்டியின் அளவைப் பின்புலம் சொல்லும்.”

பெட்டி என்றது வியூஃபைண்டரில் தெரியும் ஏஎஃப் ஏரியாவை. 1977-ல் வந்த கோனிகா சி35 ஏஎஃப்-க்கும் சரி, 1985-ல் வந்த மினோல்டா 7000-க்கும் சரி, நடுவில் ஒரே ஓர் இடம்தான். மினோல்டாவில் அங்கே பொருளைக் கொண்டுவந்து பிடித்துவிட்டுச் சட்டத்தைத் திருப்பிக்கொள்வார்கள். 1992-ல் கேனன் ஈஓஎஸ் 5-ல் அது 5 புள்ளிகள் ஆனது. 2017-ல் சோனி ஏ9-ல் 693. புள்ளிகள் கூடக் கூட, எதில் பிடிப்பது என்ற தீர்மானமும் கனத்துக்கொண்டே வந்திருக்கிறது.

பொருள் பெரிதாக இருந்தால் பெரிய பெட்டி, சிறிதாக இருந்தால் சிறிய பெட்டி என்பது மேலோட்டமான கணக்கு. வேடந்தாங்கல் கரையில் ஒரு கூழைக்கடாவைத் தொடர்ந்து பாருங்கள். வெறும் வானத்தில் இறக்கை விரித்து வரும்போது அதைச் சுற்றி வேறு எதுவும் இல்லை. ஜோன் வைத்தால் போதும், முழுச்சட்டமும் வைக்கலாம். கேமரா பிடித்துக்கொள்ள வேறு பொருள் கிடையாது. பறப்பதைச் சின்னப் புள்ளிக்குள் நிறுத்த நம் கை தடுமாறும் என்பதால் இங்கே பெரிய பெட்டிதான் உதவி. அதே பறவை இறங்கி, நீரில் நிற்கும் மரங்களின் குறுக்கே வருகிறது. பறவையின் அளவு மாறவில்லை, வேகம் குறைந்தேகூட இருக்கிறது. ஆனால் இப்போது பின்னால் நூறு கிளைகள், கிளைக்கொரு கூடு, கூட்டுக்கொரு நாரை. ஜோனுக்குள் வரும் எல்லாமே கேமராவுக்குப் பிடிக்கத் தகுந்தவைதான். அதிலும் ஜோன் மோட் பொதுவாகக் கிட்டே இருப்பதை முதலில் எடுக்கும். முன்னால் ஒரு கிளை நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான் தெளிவாக வரும். இந்த இடத்துக்கு வரும்போது பெட்டி சுருங்கியிருக்க வேண்டும்.

ஒற்றைப் புள்ளி அளவுக்குச் சுருக்கினால் கை நிலை தவறும்போது பறவையும் தவறும். அதனால் ஒரு புள்ளியும் அதைச் சுற்றிய சில துணைப்புள்ளிகளும் சேர்ந்த மோடைத்தான் நான் வைப்பேன். நிக்கானில் டைனமிக் ஏரியா, கேனனில் எக்ஸ்பேண்ட், சோனியில் எக்ஸ்பேண்ட் ஃபிளெக்ஸிபிள் ஸ்பாட். நடுப்புள்ளி பறவையை இழந்தால் பக்கத்தில் உள்ளவை கொஞ்ச நேரம் தாங்கும். கிளைகளுக்குள் உட்கார்ந்து சிறகு உலர்த்தும் பாம்புத்தாராவுக்கு மட்டும் ஒற்றைப் புள்ளி. கழுத்துக்கு முன்னால் ஒரு சுள்ளி இருந்தாலும் அந்த இடுக்கு வழியே கண்ணைத் தொடலாம்.

கேமராவில் ஒரு பட்டனை அழுத்தினால் பெட்டி மாறும்படி அமைத்துக்கொள்ள முடியும். வானத்துக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று என இரண்டைத் தயாராக வைத்திருங்கள். பறவை இறங்கி வரும் அந்தச் சில விநாடிகளில் மெனுவைத் தேட நேரம் இருக்காது.

“கண்ணைக் கண்டால் கேமராவிடம் விடு, காணாவிட்டால் நீ காட்டு.”

2020-ல் வந்த கேனன் ஆர்5 பறவையையும் அதன் கண்ணையும் கண்டுபிடித்தது. 2021-ல் சோனி ஏ1-ம் அதைச் செய்தது. பல ஆண்டுகள் கையால் பழகிய வித்தை ஒரு மெனு வரியாகிவிட்டதே என்று வருந்தும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. கண்ணைக் கேமரா பார்த்துக்கொண்டால், ஒளியையும் சட்டத்தையும் பார்க்க எனக்கு நேரம் கிடைக்கிறது.

ஆனாலும் வரியின் இரண்டாம் பாதியை மறக்கக் கூடாது. பரதநாட்டிய மேடையில் ஆடுபவர் அபிநயத்தில் கையை நம்மை நோக்கி நீட்டுகிறார், முகத்தைப் பக்கவாட்டில் திருப்புகிறார். 200 மி.மீ., எஃப் 2.8, 8 மீட்டர் தூரம் என்றால் தெளிவின் ஆழம் 27 செ.மீ. அளவுதான். நீட்டிய கைக்கும் முகத்துக்கும் உள்ள இடைவெளி அதைவிட அதிகம். இரண்டில் ஒன்றுதான் தெளிவாக வரும். கண் தெரியாத அந்தக் கணத்தில் கேமரா கிட்டே இருக்கும் முத்திரையைப் பிடிக்கும். படம் முத்திரைக்கானது என்றால் நல்லது. முகத்துக்கானது என்றால் சின்னப் பெட்டியை முகத்தின் மேல் நீங்கள்தான் வைக்க வேண்டும்.

கல்யாண மண்டபத்தில் வேறொரு சிக்கல். மேடைக்குப் பின்னால் மாப்பிள்ளை, பெண் முகங்களோடு பெரிய பேனர் இருக்கும். உயிருள்ள முகமா அச்சடித்த முகமா என்று முகம் கண்டறியும் வசதிக்கு வித்தியாசம் தெரியாமல் போவது உண்டு. மணமக்கள் குனிந்திருக்கும்போது பேனரில் உள்ள கண்கள்தான் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும். கண்டறியும் வசதியை முழுச்சட்டத்துக்கும் திறந்துவிடாமல் ஒரு ஜோனுக்குள் அடக்கி வைத்தால் இது பெரும்பாலும் சரியாகிவிடும்.

“குறுக்கே வருவதற்குப் பொறு, பாய்ந்து வருவதற்குப் பொறுக்காதே.”

கன்டினியூவஸ் வைத்தவர்கள் மட்டும் படிக்க வேண்டிய வரி. பின்தொடரும் பொருளுக்கு முன்னால் வேறொன்று வந்தால் கேமரா எவ்வளவு நேரம் பழையதையே நம்பியிருக்க வேண்டும் என்பதை நாம் சொல்லலாம். டிராக்கிங் சென்சிட்டிவிட்டி என்றும் லாக்-ஆன் என்றும் கம்பெனிக்கு ஒரு பெயரில் இருக்கும். தாலி கட்டும் நேரத்தில் நாலாபக்கமிருந்தும் அட்சதை விழுகிறது, சொந்தக்காரர்களின் கைகள் லென்ஸுக்கு முன்னால் நீளுகின்றன. அங்கே கேமரா பொறுமையாக இருக்க வேண்டும். கை விலகும் வரை மணமகள் இருந்த தூரத்திலேயே நிற்க வேண்டும். வாடிவாசலில் இதற்கு நேர்மாறு. ஒரு காளை வெளியே ஓடி முடிந்ததும் அடுத்தது வாசலில் தலைகாட்டும். அங்கே கேமரா சட்டென்று தாவ வேண்டும். இரண்டுக்கும் ஒரே அமைப்பு உதவாது. எதற்கும் உறுதியாகத் தெரியவில்லை என்றால் நடுவில் விட்டுவிடலாம், பெரிய நஷ்டம் இல்லை.

“பிடிப்பது ஒரு விரல், எடுப்பது இன்னொரு விரல்.”

பேக் பட்டன் ஃபோகஸ். ஷட்டர் பட்டனிலிருந்து ஃபோகஸ் வேலையை எடுத்துவிட்டு, பின்பக்கத்தில் இருக்கும் ஏஎஃப்-ஆன் பட்டனுக்குக் கொடுத்துவிடுவது. மோடை நிரந்தரமாகக் கன்டினியூவஸில் வைத்துவிடலாம். கட்டைவிரலை அழுத்திக்கொண்டிருந்தால் தொடர்ச்சி. ஒருமுறை அழுத்திவிட்டு எடுத்துவிட்டால் அந்தத் தூரம் அப்படியே நிற்கும். முதல் இரண்டு வரிகள் கேட்கும் தீர்மானம் முழுவதும் ஒரு கட்டைவிரலுக்குள் வந்துவிடுகிறது. கிளையில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்திக்கு விரலை எடுத்து வைத்திருக்கலாம். அது கிளம்பும் நொடியில் அழுத்தலாம். மோட் மாற்ற வேண்டியதே இல்லை.

ஃபோகஸைப் பிடித்துவிட்டுச் சட்டத்தைத் திருப்பும் பழைய பழக்கத்துக்கும் இது தோதாக இருக்கிறது. அதனால் ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். 50 மி.மீ., எஃப் 1.4, ஒன்றரை மீட்டர் தூரம் என்று வைத்து, நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்துக் கேமராவை 15 டிகிரி திருப்புங்கள். ஃபோகஸ் தளமும் கூடவே திரும்பிவிடுவதால் கண் அதற்கு 5 செ.மீ. முன்னால் விழும். அந்த அமைப்பில் தெளிவின் ஆழம் மொத்தமே ஏழரை செ.மீ., அதில் முன்பாதி நாலு செ.மீ.கூட இல்லை. கண் வெளியே போய்விடுகிறது. எஃப் 5.6-க்கு மேல் திருப்புவதால் பிரச்சினை இல்லை. லென்ஸ் அகலத் திறந்திருக்கும்போது புள்ளியையே கண்ணுக்கு நகர்த்துங்கள்.

கேமராவை அடிக்கடி அடுத்தவர் கையில் கொடுக்கிறவர்களுக்கு இந்த முறை சரிப்படாது. ஷட்டரை மட்டும் அழுத்திவிட்டு ஃபோகஸ் இல்லாத படங்களோடு திருப்பித் தருவார்கள், பாவம்.

“கோடில்லாத இடத்தில் கேமராவுக்கு வேலையில்லை.”

இரண்டு பிம்பங்களை ஒப்பிடுவதற்கு அவற்றில் ஏதாவது ஒரு விளிம்பு வேண்டும். வெள்ளைச் சுவர், கொடைக்கானல் மூடுபனி, மேகமில்லாத வானம் இவற்றின் மேல் பெட்டியை வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி அலையும். ஹண்டிங் என்கிறோமே, அது. சட்டை ஓரம், கண் இமை, ஜன்னல் விளிம்பு என்று வெளிச்சமும் இருளும் சந்திக்கும் இடத்துக்குப் பெட்டியை நகர்த்தினால் தீர்ந்துவிடும்.

கோட்டின் திசையும் முக்கியம். பெரும்பாலான மிரர்லெஸ் சென்சார்கள், கேமராவைப் படுக்கையாகப் பிடித்திருக்கும்போது, செங்குத்துக் கோடுகளைத்தான் நன்றாகப் பார்க்கின்றன. மெரினாவில் கடலும் வானமும் சந்திக்கும் கிடைக்கோட்டில் அவை தடுமாறுவது அதனால்தான். கேமராவைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, ஃபோகஸ் விழுந்ததும் நேராக்கிக்கொள்ளுங்கள். 2024-ல் வந்த கேனன் ஆர்1 போன்ற சில கேமராக்கள் இரு திசைக் கோடுகளையும் பார்க்கின்றன; விலைதான் கைக்கு எட்டாது.

இருட்டான சபாவில் கேமரா தன் உதவி விளக்கைப் போட்டுப் பார்க்கும். மேடையில் இருப்பவர் முகத்தில் அந்த வெளிச்சத்தை அடிப்பது அவருக்குச் செய்யும் தொல்லை. மெனுவில் அதை அணைத்துவிட்டு உள்ளே போங்கள்.

இவ்வளவுக்கும் மசியாத இடங்கள் உண்டு. வண்டலூரில் கம்பிவலைக்குப் பின்னால் இருக்கும் சிறுத்தை, மழைத்துளி வழியும் பஸ் ஜன்னல், இரவு வானம். அங்கெல்லாம் எம்எஃப்-க்கு மாறிக் கையால் வளையத்தைத் திருப்புவதுதான் சரி. நட்சத்திரங்களுக்கு வளையத்தை ஒரே முட்டாகத் திருப்பிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பல லென்ஸ்கள் முடிவிலியையும் தாண்டிச் சுழலும். முட்டும் இடத்தில் நட்சத்திரங்கள் மங்கலான உருண்டைகளாகத்தான் வரும். நன்றாக மின்னும் ஒரு நட்சத்திரத்தை லைவ் வியூவில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகச் சுருங்கும் வரை வளையத்தை மெதுவாக நகர்த்துங்கள். வேலை முடிந்ததும் லென்ஸில் உள்ள ஏஎஃப்/எம்எஃப் ஸ்விட்சை ஏஎஃப்-க்குத் தள்ளிவிட்டுத்தான் பையை மூட வேண்டும். மறுநாள் விடியற்காலையில் கரைக்குப் போய், தலைக்கு மேல் முதல் நாரைக்கூட்டம் கடக்கும்போது கட்டைவிரலை எத்தனை முறை அழுத்தினாலும் எம்எஃப்-ல் இருக்கும் லென்ஸ் அசையாது.